பெத்லகேமின் தாழ்ந்த வாசல்

அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த அன்று அம்மா பண்ணின பொருத்தனை இது: "இவர் பிழைத்து எழுந்தால் நீர் பிறந்த இடத்துக்கே வந்து ஸ்தோத்திரம் சொல்லுவேன் ஆண்டவரே." அப்பா எழுந்துவிட்டார். பொருத்தனையைச் செலுத்தத்தான் எங்களுக்கு ஆறு வருடம் ஆனது.

எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்தான். சோதனைச் சாவடி தாண்டி, இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகையின் மேல் கட்டிய பிறப்பின் ஆலயத்துக்கு முன்னால் இறங்கியதுமே, "வரிசையில் நிற்க வேண்டாம், நான் உள்ளே கூட்டிப்போகிறேன்" என்று இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். நன்றி சொல்ல வந்த இடத்தில் குறுக்கு வழியா? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆலயத்தின் வாசல் நான்கு அடி உயரம்தான். பழைய பெரிய வாசலைப் பின்னாளில் அடைத்துக் குறுக்கியிருக்கிறார்கள்; குதிரையும் வண்டியும் உள்ளே நுழையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்பார்கள். யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். முட்டுவலிக்கார அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைப் பணிந்து ஆராதித்ததைச் சொல்ல மத்தேயு தன் சுவிசேஷத்தில் எழுதும் கிரேக்கச் சொல்லுக்கே விழுந்து வணங்குதல் என்றுதான் பொருள். ஆராதனை என்றால் பாட்டு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மாவின் வளைந்த முதுகைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

உள்ளே இரண்டரை மணி நேரம் வரிசை. முன்னால் நின்ற கூட்டம் செல்பி எடுப்பதும், பின்னால் நின்றவர்கள் தள்ளுவதுமாக ஒரே இரைச்சல். சரி, துதித்துக்கொண்டே நிற்போம் என்றார் அப்பா. அவர் எப்போதும் சொல்வார்: ஆண்டவர் யார் என்பதற்காகத் துதி, நமக்குச் செய்ததற்காக ஸ்தோத்திரம், ஒன்றும் செய்யாவிட்டாலும் துதி பாக்கி நிற்கும்.

படியிறங்கிக் குகைக்குள் போனோம். தரையில், இயேசு பிறந்த இடத்தின் அடையாளமாகப் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம். ஒருவருக்குச் சில நொடிகள்தான். காவலர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். அம்மாவின் கையில் சொந்தக்காரர்கள் எழுதிக்கொடுத்த விண்ணப்பச் சீட்டு இருந்தது: வேலை, கல்யாணம், குழந்தை என்று ஒரு பக்கம் முழுக்க. அவள் முழங்கால் படியிட்டு, நெற்றியை அந்த நட்சத்திரத்தில் வைத்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். அவள் எழும்பவே இல்லை. காவலர் கையை நீட்டினார்; பிறகு அவரே கையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

லூக்கா சுவிசேஷத்தில், இயேசுவால் குஷ்டரோகம் நீங்கிய பத்துப் பேரில் அவரிடம் திரும்பி வந்த அந்தச் சமாரியன்தான் எனக்கு ஞாபகம் வந்தான். உரத்த சத்தமாய் மகிமைப்படுத்தினான், முகங்குப்புற விழுந்தான், நன்றி சொன்னான். துதி, ஆராதனை, ஸ்தோத்திரம் மூன்றும் ஒரே மனிதனிடத்தில். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டாரே, ஆறு வருடமாக நானும் அந்த ஒன்பது பேரோடுதான் இருந்திருக்கிறேன்.

வெளியே வந்த பிறகுதான் அம்மா கையிலிருந்த சீட்டைக் கவனித்தாள். "ஐயோ, ஒன்றுமே கேட்கவில்லையே!"

"அவருக்குத் தெரியாதா என்ன?" என்றார் அப்பா.

அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பாதான் நீளமாகப் பேசினார். அறுவை செய்த மருத்துவருக்காக, ரத்தம் கொடுத்த முகம் தெரியாத இரண்டு பேருக்காக, ராத்திரியெல்லாம் விழித்திருந்த செவிலியருக்காக, இந்த ஆறு வருடங்களுக்காக, அம்மாவின் முட்டிக்காகக்கூட ஸ்தோத்திரம் சொன்னார். ஆமென் சொல்ல எங்களுக்கு நெடுநேரம் ஆனது.