குடிநீர்த் திட்டம் இல்லாத பணக்கார ஊர்

மகள் வீடு வாங்கியிருக்கும் ஊரின் பெயர் கார்லைல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 20 மைல் தொலைவில் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5,237. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளராக முப்பது ஆண்டுகள் அலைந்து ஓய்வு பெற்றவன் நான். நானும் என் மனைவியும் ஏப்ரல் கடைசியில் ஆறு மாதம் தங்கும் எண்ணத்தில் அங்கே போய் இறங்கினோம். மறுநாள் காலையில் மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஊருக்கு மேல்நிலைத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்பதுதான்.

"தொட்டியே கிடையாதுப்பா. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க போர்தான்" என்றாள்.

நான் நம்பவில்லை. பத்து லட்சம் டாலருக்குக் கீழே ஒரு வீடு கிடைப்பதே அரிதான ஊரில் பொதுக் குடிநீர்க் குழாய் இல்லை என்றால் எந்தப் பொறியாளன் நம்புவான்? ஆனால் அதுதான் உண்மை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அங்கே இல்லை. ஊருக்குள் வரும் பேருந்தும் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் அடுத்த ஊரான கான்கார்டுக்குக் காரில் போக வேண்டும். நான் சுற்றிய வரையில் ஒரு போக்குவரத்து விளக்கும் என் கண்ணில் படவில்லை. குப்பை வண்டியும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. சனிக்கிழமை காலையில், பெரிய வேலையில் இருக்கும் மருத்துவரும் பேராசிரியரும் தத்தம் குப்பையைத் தாமே காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊர்க் குப்பைக் கிடங்கில் கண்ணாடி, காகிதம், தகரம் என்று பிரித்துப் போடுகிறார்கள். அங்கேயே ஒரு கொட்டகையில், தமக்கு வேண்டாத நல்ல பொருள்களை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். என் மருமகன் அங்கிருந்து ஒரு மேசை விளக்கைக் கொண்டுவந்தபோது என் மனைவி முகம் சுளித்தாள். இரண்டு வாரம் கழித்து, சம்பந்தியம்மாளிடம் தொலைபேசியில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொழில் புத்தி விடாது என்பதால், வீட்டின் பின்புறப் புல்வெளியில் மூடி போட்டுப் புதைத்திருந்த செப்டிக் தொட்டியையும், கழிவுநீர் மண்ணில் ஊறுவதற்காகக் குழாய் பதித்திருந்த படுகையையும் முதல் வாரத்திலேயே அளந்து பார்த்தேன். டைட்டில் 5 என்னும் மாநில விதி இவற்றையெல்லாம் கட்டுப்படுத்துகிறது. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர்ப் படுகைக்கும் இடையே 100 அடி இருக்க வேண்டும். ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கிட்டு அமைப்பைக் கட்ட வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 200 லிட்டருக்கு மேல் வருகிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கிராமத்துக்கு நாங்கள் வைத்த கணக்கு தலைக்கு 40 லிட்டர். இன்றைக்கு அது 55.

படுக்கையறையை வைத்துக் கணக்குப் போடுவதால் ஒரு வேடிக்கையும் விளைகிறது. செப்டிக் தொட்டி தாங்கும் அளவுக்குத்தான் வீட்டில் படுக்கையறைகள் இருக்கலாம். கூடுதலாக ஓர் அறையைப் படுக்கையறை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் மண்ணுக்கடியில் உள்ளதையும் பெருக்கியாக வேண்டும். வீட்டை விற்கும்போது செப்டிக் அமைப்பைப் பரிசோதித்துச் சான்று காட்ட வேண்டும். இவை எல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

பிடிபடாதது ஒன்று உண்டு. கிணறும் செப்டிக்கும் ஒரே மனையில் இருந்தால் ஏக்கருக்கு 440 கேலன் வரைதான் கழிவுநீரை விடலாம் என்கிறது அதே விதி. அப்படியானால் நான்கு படுக்கையறை வீட்டுக்கு ஓர் ஏக்கர் போதும். ஆனால் இந்த ஊரின் பெரும்பகுதியில் வீடு கட்டக் குறைந்தது இரண்டு ஏக்கர் வேண்டும் என்பது ஊர் வகுத்த விதி. இரண்டு ஏக்கர் என்றால் சென்னைக் கணக்கில் 36 கிரவுண்டு. ஓர் ஏக்கர் தண்ணீருக்காக என்று ஒப்புக்கொள்கிறேன்; இன்னோர் ஏக்கர் எதற்காக? பசுமைக்காக என்றார் மருமகன். சுவர் எழுப்பாமலே யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பதற்காக என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வதென்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கிணற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடினப் பாறையைத் துளைத்து இறக்கிய ஆழ்துளைக் கிணறு அது. நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் பாறைகளில் சில இடங்களில் ஆர்சனிக் என்னும் நச்சு உண்டு. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் வரம்பு பொதுக் குடிநீருக்குச் சட்டம். தனியார் கிணற்றில் அது வெறும் அறிவுரைதான், சோதித்துப் பார்ப்பதும் வடிகட்டி வைப்பதும் வீட்டுக்காரர் பாடு. மகள் வீட்டுக் கிணற்று நீர் வரம்பைச் சற்றே தாண்டியிருந்ததால் நிலவறையில் வடிகட்டி வைத்திருந்தார்கள். தருமபுரியில் ஃபுளூரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் பழுப்பேறி, எலும்பு வளைந்து போன பிள்ளைகளைப் பார்த்தவன் நான். அங்கே ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர அரசே கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டது. இங்கே அதே வகைச் சிக்கலை ஒவ்வொரு குடும்பமும் தன் காசில் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்கிறது. காசு இருப்பதால் தீர்கிறது.

ஜூலையில் ஒரு மாலை புயல்காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. மின்சாரம் நின்றதும் கிணற்று மோட்டார் நின்றது. மோட்டார் நின்றதும் குழாய் வறண்டது. ஒன்றரை நாள் கழிவறைக்கு ஊற்றக்கூட வாளியில் பிடித்து வைத்த தண்ணீர்தான். மருமகன் தவித்துப் போனார். என் மனைவியோ, தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நின்று பழகியவள், காற்று அடிக்கத் தொடங்கியபோதே வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் நிரப்பி வைத்திருந்தாள். மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை இல்லாமைகளோடு இந்த ஊருக்கு ஏன் வந்தீர்கள் என்று அன்று இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேட்டேன். "ஸ்கூலுக்காகத்தான்பா" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நம்மூரில் பிள்ளையை நாமக்கல் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். பெற்றோர் ஊரிலேயே இருப்பார்கள். இங்கே பள்ளி இருக்கும் ஊருக்குக் குடும்பமே வீடு வாங்கிக் குடிபெயர்கிறது. அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது; ஆனால் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும். வீட்டு விலைதான் கட்டணம் என்று புரிந்துகொண்டேன். மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஊர் நடுவில் ஒரே வளாகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கான்கார்டும் கார்லைலும் சேர்ந்து நடத்தும் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்கு வேர் ஆழமானது. 1647லேயே, மாசசூசெட்ஸ் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த காலத்தில், ஒரு சட்டம் வந்தது: ஐம்பது குடும்பம் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும்; நூறு குடும்பம் ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். பள்ளிக்கான பொறுப்பு அன்று முதல் ஊரின் தலையில்தான். ஊருக்கு வருவாய் வீட்டு வரி. அதில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது. தண்ணீரையும் கழிவையும் குப்பையையும் அவரவர் தலையில் கட்டிவிட்டு, ஊர் பொதுவாகத் தூக்கிச் சுமப்பது பள்ளி ஒன்றைத்தான்.

அந்தச் சுமையை அவர்கள் எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்பதை வசந்த காலத்தில் நடந்த ஊர்க் கூட்டத்தில் பார்த்தேன். பள்ளியின் அரங்கத்தில்தான் கூட்டம். வாக்காளராகப் பதிந்த யாரும் வரலாம், பேசலாம், வாக்களிக்கலாம். நம் கிராமசபை போலத்தான், ஆனால் இங்கே வரவுசெலவின் ஒவ்வொரு இனமும் உண்மையிலேயே வாக்கெடுப்புக்கு வருகிறது. குடியுரிமை பெற்றவள் என்பதால் மகளுக்கு மட்டும் வாக்கு. மருமகனும் நானும் பார்வையாளர் இருக்கைகளில் ஒதுங்கி உட்கார்ந்தோம். 1980இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, புதிய கட்டடங்களால் வருவதை விடுத்து, மொத்த வீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. மீற வேண்டுமானால் தனியாக வாக்குச்சீட்டில் மக்களைக் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக் கணக்கில் ஓர் இழுபறி.

பள்ளிச் செலவு விவாதத்துக்கு வந்தபோது எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். தன் பிள்ளைகள் மூவரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்றும், அப்போது பிள்ளையில்லாத கிழவர்கள் தமக்காக வரி கட்டினார்கள், இப்போது தன் முறை என்றும் சொன்னார். அதன்பிறகு சற்று நிறுத்தி, "ஆனால் கணவரும் போன பிறகு நான் ஒருத்தி குடியிருக்க இந்த ஊரில் ஒரு சின்ன வீடு இருக்கிறதா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு ஏக்கரில் யார் சின்ன வீடு கட்டுவார்கள்? செலவு பெருவாரியான வாக்கில் நிறைவேறியது. தானும் ஆதரித்துத்தான் வாக்களித்ததாக மறுநாள் வேலியோரம் அவர் என்னிடம் சொன்னார்.

பள்ளி நன்றாகவே இருந்தது. நான்காம் வகுப்பில் இருக்கும் பேரன் ஒரு மாதம் முழுக்க ஒரு குட்டையைப் பற்றியே படித்தான். தவளை முட்டையிலிருந்து நீரின் அமிலத்தன்மை வரைக்கும் அளந்தான். தரப்பட்டியல் என்று ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. இருந்தாலும் எட்டாம் வகுப்புப் பேத்தி தன் தோழிகள் போகும் கணக்குப் பயிற்சி, வயலின், நீச்சல் ஆகியவற்றின் அட்டவணையைச் சொன்னபோது, போட்டி இங்கே மதிப்பெண் சீட்டில் இல்லாமல் கார் இருக்கையில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கோ பகல் நீளமாக இருந்தது. நடந்து போய் ஒரு கட்டுக் கீரை வாங்க வழியில்லை; மனைவி போட்ட வெண்டைச் செடிகளை மான்கள் ஒரே இரவில் மொட்டையடித்தன. மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வருமென்று, காட்டுப்பாதையில் நடக்கும்போது காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டு, மாலையில் ஒருவர் முதுகை ஒருவர் சோதித்தோம். மாநிலப் பூங்காவாக இருக்கும் கிரேட் புரூக் பண்ணையில் பசுக்கள் தாமாக நடந்துபோய் இயந்திரத்திடம் பால் கறந்துகொள்வதை மட்டும் நான் நான்கு முறை போய்ப் பார்த்தேன்.

கான்கார்டில் உள்ள வால்டன் குளத்துக்கும் போனோம். 1845 முதல் இரண்டு ஆண்டுகள் அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்ட ஆட்கள் வந்ததைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ்காரர்களும் தன் கிணற்றில் குடிக்கப்போகிறார்கள் என்று எழுதினார். பாஸ்டன் பனிக்கட்டி வணிகர் ஃபிரெடெரிக் டியூடரின் கப்பல்கள் இந்த வட்டாரத்துப் பனிக்கட்டியைச் சென்னைக்குக் கொண்டுவந்து இறக்கிய கிடங்குதான் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். என் பணிக்காலத்தில் இவ்வளவு நீளமான கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நான் வரைந்ததே இல்லை.

அக்டோபரில், மேப்பிள் இலைகள் சிவந்திருந்த ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். மூதாட்டி மகனோடு வேறு மாநிலம் போகிறார். அடுத்த வாரமே இரண்டு குழந்தைகளோடு ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். பள்ளிப் பேருந்து எந்த இடத்தில் நிற்கும் என்று புல்வெளியில் நின்றிருந்த என்னிடம் கேட்டார்கள். காட்டினேன். அவர்கள் காரில் ஏறப் போகும்போது, கிணற்று நீரை ஆர்சனிக்குக்குச் சோதித்த தாளைக் கேட்டு வாங்குங்கள் என்று என் அலுவலக ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு, தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டாள்.