ஜின்ஜா பயணம்: விடுமுறைக்கு வீடு செல்லாத பிள்ளைகள்

உகாண்டாவிலிருந்து திரும்பி நான்கு நாட்களாகின்றன. செலவு, சாலை, உணவு, ஊழியம் என்ற வரிசையில், அடுத்துச் செல்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதித் தருவதாக எங்கள் திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்தாரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஜின்ஜா நகரில் நாங்கள் ஊழியம் செய்யச் சென்ற பிள்ளைகள் இல்லத்தின் வாயிலில் பத்தாம் நாள் காலையில் கண்டது மனத்தை விட்டு அகலாமல் இருப்பதால், இந்த வரிசை எவ்வளவு தூரம் நிலைக்கும் என்று தெரியவில்லை.

முதலில் பணம். பதினான்கு பேர், பன்னிரண்டு நாட்கள், ஒருவருக்கு 1,450 டாலர். அதில் பெரும்பகுதி விமானச் சீட்டுக்கே போய்விட்டது. விசாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டாலர். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். மலேரியா மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்கிவிடுங்கள். டாலரைப் புதிய நூறு டாலர் நோட்டுகளாகக் கொண்டு செல்வது நல்லது. சிறிய நோட்டுகளுக்குக் குறைந்த மாற்று விலையே கிடைக்கிறது, பழைய நோட்டுகளைப் பல இடங்களில் வாங்குவதே இல்லை. எங்களுக்கு டாலருக்கு ஏறத்தாழ 3,700 ஷில்லிங் கிடைத்தது.

என்டெபே விமான நிலையத்தில் எங்களை ஏற்றிய வேன் ஓட்டுநரைப் பற்றி நான் மென்மையாக எழுதப் போவதில்லை. ஜின்ஜா வரை 4,50,000 ஷில்லிங் என்று பேசி முடித்திருந்தோம். பதினான்கு பேரையும், கூரையில் ஏற்றியவை போக மீதிப் பெட்டிகளையும் திணித்த அந்த வண்டியின் பக்கக் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கடைசி இருக்கையில் இருந்தவர்கள் மடியிலேயே பெட்டிகளைச் சுமந்து வந்தார்கள். தலைநகர் கம்பாலாவின் நெரிசலில் மட்டும் இரண்டரை மணி நேரம் நின்றோம். கென்யாவிலிருந்து வரும் சரக்கு லாரிகளும் ஜின்ஜா சாலையைத்தான் பயன்படுத்துவதால், எதிரே வரும் வாகனங்களைப் பாராமல் லாரிகளை முந்த முயன்ற அந்த மனிதரின் பின்னால் அமர்ந்து நாங்கள் வாய்விட்டே ஜெபித்தோம். இருட்டிய பிறகு ஜின்ஜாவில் இறங்கியதும் அவர் கேட்டது 7,00,000. கூரையில் பெட்டி ஏற்றியதற்கு ஒரு தொகை, விரைவுச்சாலைச் சுங்கத்துக்கு ஒரு தொகை, இரவாகிவிட்டதற்கு ஒரு தொகை என்றார். பெட்டிகள் இன்னும் கூரையிலேயே இருந்ததால் 5,80,000 கொடுத்து மீண்டோம். எரிபொருள், சுங்கம், பெட்டிகள் எல்லாம் அடங்கிய தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் யாரும் பெட்டியை ஏற்றக் கூடாது.

அந்த வழியில் மகிழ்ச்சி தந்த ஒரே இடம் நமவோஜ்ஜோலோ. வண்டி நின்றதும் எண்ணிட்ட மேலங்கி அணிந்த விற்பனையாளர்கள், குச்சியில் செருகிச் சுட்ட கோழியையும் கோன்ஜா என்னும் சுட்ட வாழைப்பழத்தையும் ஏந்திக்கொண்டு எல்லா ஜன்னல்களுக்கும் ஓடி வருகிறார்கள். கரிப்புகை மணத்தோடு, உள்ளே இனிப்பும் வெளியே மொறுமொறுப்புமாக இருந்த அந்தக் கோன்ஜாவுக்காக நான் மறுபடியும் அந்தச் சாலையில் பயணம் செய்வேன். ஜின்ஜாவில் ரோலெக்ஸ் எங்கள் காலை உணவாயிற்று: முட்டையையும் தக்காளியையும் அடித்துப் பொரித்துச் சப்பாத்தியில் சுருட்டித் தருகிறார்கள். இல்லத்துச் சமையற்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின், வாழையிலையில் பொதிந்து மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்த மட்டோக்கே என்னும் வாழைக்காய் மசியலும் இளஞ்சிவப்பு நிற நிலக்கடலைக் குழம்பும் பரிமாறினார். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் போஷோ என்னும் மக்காச்சோளக் களியும் அவரைப் பயறும்தான்.

நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தை ஒரு பிற்பகலில் பார்த்தோம். 1948-இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி அங்கே கரைக்கப்பட்டதன் நினைவாக அவருடைய மார்பளவுச் சிலை கரையில் நிற்கிறது. நகரின் முதன்மைத் தெருவில், 1972-இல் இடி அமீனால் வெளியேற்றப்பட்ட இந்திய வணிகர்களின் பெயர்களும் கட்டிய ஆண்டுகளும் பல கட்டடங்களின் நெற்றியில் இன்றும் இருக்கின்றன. அங்குள்ள சிறுவர்கள் எங்களைக் கண்டால் ‘முயிண்டி’ (இந்தியர்) என்று கூப்பிடுவதன் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது.

இல்லத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் எங்கள் முன் முழந்தாளிட்டு வணக்கம் சொன்னபோது எங்களில் பலர் கலங்கிவிட்டோம். பெரியவர்களுக்கு அப்படி மரியாதை செலுத்துவது அந்த மண்ணின் வழக்கம் என்று சமையற்கார அம்மா பிறகு விளக்கினார். காலையில் வேதாகமக் கதையும் பாட்டும், பிற்பகலில் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையும் நடந்தன. அந்த வண்ணப்பூச்சைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதினான்கு பேர் ஆறு நாட்கள் பூசிய சுவர்களை, ஒரு நாளைக்கு 35,000 ஷில்லிங் கூலி பெறும் இரண்டு உள்ளூர்த் தொழிலாளர்கள் நான்கு நாட்களில், எங்களைவிட நன்றாக முடித்திருப்பார்கள். அவர்களுடைய பிழைப்பை நாங்கள் இடைமறித்தோம்.

ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவன் முதல் நாளிலிருந்தே என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எனக்கு அது மிகுந்த ஆனந்தமாக இருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவன் என்றே எண்ணியிருந்தேன். பத்தாம் நாள் காலையில் வாயிற்கதவுக்கு வெளியே, முதுகில் கைக்குழந்தையைக் கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவனைக் கூட்டிச்செல்ல வந்திருந்த அவனுடைய தாய் அவர். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாம் பருவம் முடிந்து, விடுமுறை தொடங்கி ஒரு வாரம் கடந்திருந்தது. விருந்தினர் வருகிறார்கள், அவர்கள் போன பிறகே பிள்ளையை அனுப்புவோம் என்று சொல்லி அவரை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த விருந்தினர் நாங்கள்தான்.

சமையற்கார அம்மாவின் உதவியோடு அந்தத் தாயுடன் நெடுநேரம் பேசினேன். கணவர் இறந்துவிட்டார்; கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை. 1997 முதல் அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி இலவசம் என்றாலும், சீருடை, குறிப்பேடு, மதிய உணவு எல்லாம் பெற்றோர் பொறுப்பு. அவற்றுக்கு ஒரு பருவத்துக்கு 60,000 ஷில்லிங் வேண்டும். அந்தப் பணம் இல்லாததால்தான் மகனை இல்லத்தில் விட்டிருக்கிறார். ஆண்டுக்கு மூன்று பருவம், 1,80,000 ஷில்லிங், ஏறத்தாழ 49 டாலர். எங்களில் ஒருவருடைய விசாக் கட்டணம் அதைவிட ஒரு டாலர் அதிகம்.

இது அந்த ஒரு இல்லத்தின் நிலை மட்டும் அன்று. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களுக்குச் செல்லும் தன்னார்வப் பயணங்களும் சுற்றுலாவும் பிள்ளைகளுக்கு விளைவிக்கும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் புறப்படும் முன்பே படித்திருக்க வேண்டும். எங்கள் பயணத்துக்கான வசனமாக யாக்கோபு நிருபம் 1:27-ஐத் தெரிந்தெடுத்துச் சட்டைகளில் அச்சிட்டிருந்தோம். அந்த வசனம் திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது. அந்த விதவையை நாங்கள் கதவுக்கு வெளியே நிற்க வைத்திருந்தோம்.

எங்கள் குழுத்தலைவர் நிர்வாகியிடம் கண்டிப்பாகப் பேசினார். அன்று மாலைக்குள் ஒன்பது பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். என் விரலைப் பிடித்து நடந்த சிறுவன், போடா போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஓட்டுநருக்கும் தாய்க்கும் நடுவே அமர்ந்து, சிவந்த மண் சாலையில் புழுதி எழும்ப மறைந்தான்.

கடைசி இரண்டு நாட்கள் நாங்கள் வண்ணம் பூசவில்லை. குழுவின் கையிருப்பில் மீதமிருந்த 200 டாலரை மாற்றியதில் 7,40,000 ஷில்லிங் கிடைத்தது. அதை ஜின்ஜாவில் எங்களுக்கு அறிமுகமான ஒரு போதகரிடம் ஒப்படைத்தோம்: வீட்டில் தங்கிப் படிக்கப் போகும் நான்கு பிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு 7,20,000, பள்ளிகளுக்குச் சென்று பணம் கட்டி ரசீது வாங்கும் அவருடைய போக்குவரத்துக்கு 20,000. முதல் ரசீதின் படம் நேற்று இரவு வந்து சேர்ந்தது.