பெரியப்பாவுக்கு ஸ்டார் ட்ரெக் போட்டுக் காட்டிய கதை

தடைக்காலம் வந்துவிட்டால் ஊரே ஓய்ந்துவிடும், என் கடைக்கு மட்டும் வேலை கூடிவிடும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், ஒயர்லெஸ் எல்லாவற்றையும் ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் குவித்துவிட்டு "ஒண்ணும் அவசரமில்ல தம்பி" என்பார்கள். ஜூன் 10ஆம் தேதி வாக்கில் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அவசரம் வரும். அதுவரை சாயங்காலங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அந்த நேரத்தில்தான் பாம்பனில் எங்கள் ஸ்டார் ட்ரெக் சபை கூடும். ஸ்டார் ட்ரெக் என்பது விண்கப்பலில் ஊர் சுற்றும் அமெரிக்க டிவி தொடர். மொத்தம் நாலு பேர். நான், விசைப்படகில் டிரைவராக இருக்கும் என் மச்சான், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் சார், காரைக்குடியில் படிக்கிற என் அக்கா மகள். அவளுக்கு லீவு விட்டால்தான் சபைக்கு உயிர் வரும், இல்லாவிட்டால் நாங்கள் மூவரும் மீன் விலை பேசிக் கலைந்துவிடுவோம். சபைச் சொத்து ஒரு பழைய 32 இன்ச் டிவி, ஒரு ஹார்டு டிஸ்க். டீயும் பருப்பு வடையும் எதிர்க் கடையிலிருந்து வரும்.

இந்த மே மாதம் அவள் எடுத்துப் போட்டது 'தி இன்னர் லைட்'. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஐந்தாவது சீசனில் 25வது எபிசோடு, 1992 ஜூன் 1ஆம் தேதி ஒளிபரப்பானது, அடுத்த வருஷம் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. இத்தனை வருஷம் ஆன கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை எல்லாம் போட மாட்டேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: எண்டர்பிரைஸ் கப்பல் போகிற வழியில் ஆளில்லாத ஒரு விண்கலம் எதிர்ப்படுகிறது. அதிலிருந்து ஒரு கதிர் வந்து கேப்டன் பிகார்டைத் தாக்க, அவர் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் கட்டான் என்ற கிரகத்தில் ரெசிக் என்ற கிராமத்து வீட்டில் படுத்திருக்கிறார். பக்கத்தில் எலீன் என்ற பெண், "நீ கேமின், என் புருஷன், உனக்குக் காய்ச்சல்" என்கிறாள். முதலில் அடம்பிடிக்கிறார். வருஷக்கணக்கில் நட்சத்திரங்களை வரைந்து வரைந்து தன் கப்பலைத் தேடுகிறார். அப்புறம் மெல்ல அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுகிறார். பிள்ளைகள் பிறக்கிறார்கள், புல்லாங்குழல் பழகுகிறார், மனைவி சாகிறாள், பேரன் வருகிறான். ஊரில் மழை இல்லை, மண் செத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய சூரியன் வெடிக்கப்போகிறது, தப்பிக்க வழியே இல்லை. கிழவனான பிறகு ஒருநாள் பிள்ளைகள் ஒரு ராக்கெட் ஏவுவதைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அப்போதுதான் புரிகிறது. தன்னைத் தாக்கிய விண்கலம் அதுதான். அந்த மக்கள் செத்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, யாராவது ஒருத்தராவது தங்களை நினைவில் வைத்திருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். கப்பலில் கண் விழிக்கிறார். இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

எங்கள் சபையில் இதைப் பற்றிய சண்டை புதிதில்லை. சார் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "சின்னச் சின்ன ராக்கெட் விடவே இப்பத்தான் கத்துக்கிட்டோம்னு சொல்றவங்களுக்கு, ஒரு மனுஷன் மூளைக்குள்ள முப்பது நாற்பது வருஷ வாழ்க்கையை ஏத்துற மிஷின் மட்டும் எப்படி வந்துச்சு?" கேள்வி என்னவோ நியாயம்தான். மச்சான் அதற்கு, "எங்க தெருவுல 5ஜி வருது சார். குழாயில தண்ணி என்னிக்கு வரும்னு கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். தள்ளுவண்டியில் அஞ்சாறு குடம் வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தே வளர்ந்த மாவட்டம் இது. கதையில் கேமின் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் கருவி செய்யலாம் என்று அதிகாரியிடம் மன்றாடுவான். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த கதை தெரிந்த எங்களுக்கு அந்தக் காட்சி மட்டும் அறிவியல் புனைவாகவே தெரியாது.

மச்சானுக்கு இருக்கும் கோபம் வேறு. "கேக்காம கொள்ளாம ஒருத்தன் தலையில ஒரு ஆயுசை ஏத்துறது தப்பில்லையா? பொண்டாட்டி, புள்ள, பேரன் எல்லாத்தையும் குடுத்துட்டு, முழிச்சதும் எல்லாரும் செத்துட்டாங்கன்னா, அவன் பைத்தியம் ஆக வேண்டாமா? அடுத்த எபிசோடுல ஜம்முனு சீட்டுல உக்காந்திருக்கான்." இதுவும் நியாயம்தான். அதன் பிறகு அந்தப் புல்லாங்குழல் சரியாகத் தலைகாட்டுவது அடுத்த சீசனில்தான்.

எனக்கும் ஒரு குறை இருந்தது. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் முதல் தடவை பார்த்ததிலிருந்து இருக்கிறது. ஒரு கிரகமே அழியப்போகிறது, கடைசியாக ஒரே ஒரு கலம் அனுப்புகிறீர்கள். அதில் உங்கள் சரித்திரம், மொழி, விஞ்ஞானம் எதையும் வைக்காமல், கேமின் என்ற ஒரு இரும்பு வேலைக்காரன் சம்சாரம் நடத்திய கதையையும் ஒரு புல்லாங்குழலையும் வைத்து அனுப்புவீர்களா? என் தொழில் அப்படி. ஆபத்துக்குக் கூப்பிடும் ஒயர்லெஸ் 16ஆம் சேனலில் ஒருத்தர் கூப்பிட்டால் படகுப் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து என்று மூன்றே விஷயம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கலமும் ஆயிரம் வருஷமாக "கேக்குதா, கேக்குதா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒயர்லெஸ்தான். ஆள் கிடைத்ததும் ஊர்க்கதையா பேசுவது?

இந்தத் தடவை பெரியப்பா வந்து சேர்ந்தார். சபைக்காக வரவில்லை, டார்ச் லைட்டைச் சார்ஜ் போட வந்தார். வடை வாசனைக்கு உட்கார்ந்தார் என்று மச்சான் சொல்வான்.

பெரியப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலின்போது எட்டு வயது. அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்காத டூரிஸ்ட் குறைவு. டிசம்பர் 22 ராத்திரி, காற்று, பனை உயரத்துக்கு அலை, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூறு பேருக்கு மேல் இருந்தவர்களோடு அப்படியே போனது, தாங்கள் மணல்மேட்டில் ஏறி நின்றது, விடிந்தால் ஊர் இல்லை. மொத்தம் பத்து நிமிஷம். எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவார் என்று எனக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, தனுஷ்கோடி என்றால் எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். விண்கலம், கதிர் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "சாமி வந்த மாதிரி" என்று தானே முடிவு செய்துகொண்டார். ஊர் நடுவில் ஒரு மரக்கன்றை நட்டு, இந்த வறட்சியிலும் இதைக் காப்பாற்றுவோம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற இடத்தில்தான் முதலில் வாய் திறந்தார்.

"தண்ணி எங்கேர்ந்து எடுக்குறாங்க?"

"அதெல்லாம் காட்டல தாத்தா."

"ஊத்து தோண்டத் தெரியாதா அவங்களுக்கு?"

எபிசோடை நிறுத்திவிட்டோம். ஊற்று தோண்டுவதைப் பெரியப்பா கையால் காட்டினார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். இடம் பார்த்து ரெண்டு மூணு அடி கையாலேயே பறிக்க வேண்டும். ஓரம் சரியாமல் ஒரு கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். அடியில் ஈரம் கசிந்து, கலங்கி, தெளிந்து வரும். அதைச் சிரட்டையால் மேலாக, தண்ணீருக்கே தெரியாத மாதிரி மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகப் பறித்தாலோ ஒரே மூச்சில் இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். "அம்மா ஒரு கொடம் ரொப்புறதுக்குள்ள நான் ரெண்டு தடவை தூங்கி முழிச்சுருவேன்." சாருக்குக் கை பரபரத்தது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதக்கிறது, அந்த மேல் படலத்தைத்தான் உங்கள் அம்மா எடுத்தார்கள் என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினார். பெரியப்பா படத்தைப் பார்த்தார். "எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா சரியாத்தான் எடுத்துச்சு" என்றார்.

மறுபடி ஓடவிட்டோம். எலீன் தன் புருஷனிடம் எப்போதும் ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பாள், ஷூவைக் கழற்றி ஒழுங்காக எடுத்து வை என்று. சாகக் கிடக்கும்போதும் அதைத்தான் சொல்வாள். அக்கா மகளுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும், எப்போதும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. பெரியப்பா அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "செருப்பை எடுத்து வைக்கச் சொல்றாளா?" என்று தானே கேட்டார்.

பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "எங்க அம்மா காலைத் தட்டிட்டு வாடாம்பா" என்றார். "எங்க பாத்தாலும் மணலு. பாயில மணலு, சோத்துல மணலு. வாசல்ல ஒரு சாக்கு போட்டிருக்கும். தட்டாம ஏறுனா அகப்பை பறந்து வரும். அடுப்படி கெழக்க பாத்து இருக்கும். உப்பை ஒரு சிலோன் பிஸ்கட் தகர டப்பாவுல போட்டு வச்சிருக்கும், மூடியில பொம்பள படம் போட்டிருக்கும். ராத்திரி ஸ்டேஷன்ல இஞ்சின் தண்ணி புடிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

நாற்பது வயதாகிறது எனக்கு. தனுஷ்கோடிக்கு ஒரு அடுப்படி இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அரிச்சல்முனைக்கு ரோடு போட்ட பிறகு தினமும் வேனும் பஸ்ஸுமாக வருகிறார்கள். இடிந்த சர்ச் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள், புயல் தேதியைக் கேட்டுக்கொண்டு, சங்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களை ஏன் சொல்ல வேண்டும், நானும் அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தேன். கட்டான்காரர்கள் சரித்திரப் புத்தகம் அனுப்பியிருந்தால் பிகார்டும் அதைப் படித்துவிட்டு மூடி வைத்திருப்பார். ஷூவைப் பற்றித் திட்டு வாங்கியதால்தான் மறக்க முடியாமல் போனது. அதனால் நான் கட்சி மாறிவிட்டேன். சார் இன்னும் மாறவில்லை. அந்த மிஷின் கணக்கு அவருக்கு இடிக்கத்தான் செய்கிறது.

கடைசியில் விண்கலத்துக்குள் இருந்த பெட்டியைத் திறந்தால் அந்தப் புல்லாங்குழல் இருக்கும். பிகார்டு தனியாக நின்று வாசிப்பார், அதோடு முடிந்தது. படப்பிடிப்பில் பயன்படுத்திய அந்தக் குழல் 2006ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து 40,000 டாலருக்கு மேல் போனது என்று அக்கா மகள் சொன்னாள். அன்றைக்கு அது 18 லட்சம் ரூபாய் இருக்கும்.

"ஊதுனா நல்லா சத்தம் வருமா?" என்றார் பெரியப்பா.

"வராது தாத்தா. ஷூட்டிங்குக்குச் செஞ்ச டம்மி."

"அதுக்கா இவ்வளவு துட்டு?" மச்சானும் அவரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. சார் கிளம்பிவிட்டார். நான் மறுநாள் கொடுக்க வேண்டிய எக்கோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், உள்ளே உப்பு பூத்து போர்டில் பாதி பச்சையாக இருந்தது. பெரியப்பா டார்ச்சை எடுத்து ஒருமுறை சுவரில் அடித்துப் பார்த்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்த ஆளு மறுநாள் வேலைக்குப் போனானா?"

"போனாரு பெரியப்பா. அதத்தான் மச்சான் தப்புங்கிறான்."

அவர் மச்சானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க அப்பா பதினஞ்சாம் நாளு கடலுக்குப் போயிட்டாரு. எரவல் வள்ளம்" என்று சொல்லிவிட்டு, டார்ச்சைத் தரையில் அடித்தபடி தெற்குவாடிப் பக்கம் நடந்தார்.