செத்த செடி எங்கே போகும்?

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் வேளாண் அலுவலராகப் பணியாற்றிய காலத்தில் நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று மட்டும் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. கடலுக்கு அருகிலிருந்த ஒரு கண்மாயில், ஊர்க் கழிவுநீர் வந்து சேரத் தொடங்கிய பிறகு ஆகாயத்தாமரை பெருகி மடை வாயையே அடைத்துவிட்டது. மீன்பாசியை, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவரால் வலை இறக்க முடியவில்லை. ஆள் வைத்து அள்ளினால் கூலிக்குக் கட்டாது என்றார். நெல் வயலில் வழக்கமாகத் தெளிக்கும் 2,4-டி களைக்கொல்லியையே கண்மாயிலும் தெளிக்கலாம் என்று அளவு குறித்துக் கொடுத்தவன் நான்தான். வயதில் மூத்த நீர்ப்பாய்ச்சி ஒருவர் மட்டும், "செடி சாகும், சரிங்க சார். செத்தது எங்க போகும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

தை மாதத்தில் தெளித்தார்கள். பத்து நாட்களில் இலைக்காம்புகள் முறுக்கிக்கொண்டு, பச்சை விரிப்பு முழுதும் பழுப்பாகி, கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றியது. அடுத்த வாரம் அது தண்ணீருக்குள் அமிழ்ந்து அழுகத் தொடங்கியது. ஒருநாள் விடியற்காலையில் ஆள் வந்து அழைக்க, போய்ப் பார்த்தேன். மடையோரத்தில் கட்லா மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செத்தவை வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன. காற்றை நேரடியாக மூச்சிழுக்கக்கூடிய விரால் மட்டும் அவற்றுக்கிடையே உயிரோடு நீந்தியது. மற்ற மீன்கள் மூச்சுத் திணறித்தான் செத்தன என்பதை அந்த விரால்தான் எனக்குக் காட்டியது.

அழுகும் செடியைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கெண்டை இன மீன்கள் நன்றாக வளர லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும்; இரவில் நீர்த்தாவரங்களும் சுவாசிப்பதால் விடியலுக்கு முன்புதான் அது மிகவும் குறைந்துபோகிறது. நீர்க்களைக்கு மருந்து தெளிப்பதானால் பரப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் தெளித்து, இடைவெளி விட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்ற அடிப்படை விதி இதற்காகவே உள்ளது. அதை நான் வலியுறுத்தவில்லை.

ஆனால் நம் பகுதியில் அந்த விதி மட்டும் போதாது என்றே கருதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாய் பிறகு ஆடி வரை வற்றிக்கொண்டேதான் போகும். ஓடும் ஆற்றில் கலந்தது நீர்த்துப்போகும். இங்கே கலந்ததோ குறையும் தண்ணீரில் செறிந்து நிற்கும். ஆகாயத்தாமரை உறிஞ்சி வைத்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் நீருக்கே திரும்பியதால், மாசியில் எங்கள் கண்மாய் பச்சைக் குழம்பாக மாறியது. நீலப்பச்சைப் பாசிகளில் சில, கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. ஆடுமாடுகளுக்கு அந்த ஊரில் வேறு தண்ணீர் இல்லை.

கண்மாய்க்குக் கீழே நெல் தரிசில் பருத்தியும், மேட்டில் முண்டு மிளகாயும் நின்றன. பருத்தியைப் போல 2,4-டியைத் தாங்க முடியாத பயிர் அரிது. தெளித்தபோது காற்றில் பறந்த திவலையோ, மடை வழியே பாய்ந்த நீரோ, மடையை ஒட்டிய பருத்தியின் இளந்தளிர்கள் வெண்டை இலைபோல் விரல்விரலாகப் பிரிந்து, நரம்புகள் நெருங்கிச் சுருங்கின. அந்தச் செடிக்குரியவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

தெளித்தவர்களில் ஒருவர் இடுப்பளவு நீரில் வெறும் உடம்போடு நின்று தெளித்தார். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாகவும், கிளைபோசேட் என்ற மற்றொரு களைக்கொல்லியை அதைவிட ஒருபடி மேலான பிரிவிலும் சேர்த்தது. கண்மாய் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியும் ஆண்டுகளில் இந்த நீர் கடலைச் சேரும்; அங்கே கடற்புல் வெளிகளை நம்பி ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. டையூரான் போன்ற களைக்கொல்லிகள் மிகக் குறைந்த அளவிலேயே கடற்புல்லின் ஒளிச்சேர்க்கையைக் குலைக்கக்கூடியவை. கண்மாய்க் கரையோடு நின்றுவிடும் மருந்து என்று எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

ஆகாயத்தாமரை இலையைத் தின்னும் நியோசெட்டினா கூன்வண்டுகள் 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன; அவை மெதுவாக வேலை செய்பவை, ஆண்டுதோறும் வற்றும் கண்மாயில் நிலைப்பதும் கடினம். ஆகவே எங்களுக்குக் கைதான் மிஞ்சியது. வற்றிய கண்மாயின் சேற்றில் அந்தச் செடியின் விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் நீர் ஏறியதும், மடையோரம் உள்ளங்கை அகலத்தில் கன்றுகள் மிதக்கத் தொடங்கின. அந்த நீர்ப்பாய்ச்சியும் இன்னும் ஐந்து பேரும் இறங்கி, அவை பூக்கும் முன்பே நான்கு நாட்களில் பறித்துக் கரைக்கு வெளியே குவித்தார்கள். காய்ந்த குவியலைச் சாணத்தோடு சேர்த்து எருக்குழியில் போட்டோம். கழிவுநீர் வரும் வாய்க்காலை மட்டும் எங்களால் இன்னும் திருப்பிவிட முடியவில்லை.