உப்பு ஏற்ற வந்த கப்பல்

1968-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டாலி கிளார்க்காக, அதாவது ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவனாக, சேர்ந்தேன். ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அதுவரை திருச்செந்தூரில் குளிக்கப் போனபோது பார்த்த கடல்தான் எனக்குத் தெரிந்த கடல்.

புதுத் துறைமுகம் 1974-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கரையோரம் ஆழம் போதாது என்று கப்பல்கள் நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு போவதும் வருவதும் தோணியில். முதல் வாரம் முழுக்க வாந்தி. அப்புறம் பழகிவிட்டது.

எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கல்கத்தாக் கப்பல்கள். வரும்போது நிலக்கரி, போகும்போது உப்பு. அதில் ஒன்று சின்ன நீராவிக் கப்பல், பழசு. கரி தின்னும், புகை கக்கும். தோணியிலிருந்து மூட்டைகள் மேலே போகப் போக நான் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். தோணியில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கணக்குக்கு வாயால் எண்ணுவார். ‘ஒன்று’ என்று தொடங்கவே மாட்டார்; ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் போகும். களத்தில் நெல் அளக்கும் பழக்கம் கடல் வரை வந்திருந்தது.

நங்கூரம் போட்டுவிட்டால் கப்பலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். மூட்டை தூக்கும் விஞ்சுகள் ஓடியதும் அதே நீராவியில்தான். அதனால் நின்ற நாளிலும் அடுப்பை அணைக்க முடியாது. ஒருநாள் வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கினேன். இரும்பு ஏணியில் வெறுங்கை வைக்க முடியவில்லை. ஒருவர் நீளக் கொக்கியால் அடுப்பிலிருந்து சிட்டக் கட்டிகளை, கரி எரிந்து இறுகிய கழிவை, இழுத்துப் போட, இன்னொருவர் தண்ணீர் ஊற்ற, உஸ்ஸென்று எழுந்த ஆவியில் இருவருமே மறைந்துபோனார்கள். அஞ்சு நிமிஷம்கூட நிற்க முடியாமல் மேலே ஏறிவிட்டேன். அவர்களுக்கு அங்கே நாலு மணி நேர முறை.

அந்தக் கொதிகலனுக்குக் கடல் தண்ணீர் ஆகாது. உப்பு குழாய்களில் பொருக்காகப் படியும். பொருக்கு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, குழாய் காய்ந்து வெடித்துவிடும். ஓடி முடித்த நீராவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கித்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் பழைய விஞ்சுகளில் மூட்டுக்கு மூட்டு ஆவி கசியும். கசிந்ததை நல்ல தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். குரூஸ் பர்னாந்து நகர்மன்றத் தலைவராக இருந்தபோது வல்லநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த தாமிரபரணித் தண்ணீர்தான் தோணியேறிக் கப்பலுக்கும் போனது. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்களான காலியாவையும் லாவோவையும் பற்றிப் பேசும்போது எல்லோரும் கட்டணப் போட்டியைத்தான் சொல்வார்கள். அவற்றுக்கும் கரியும் தண்ணீரும் சுமந்தவர்கள் இருந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றும்.

ஆனி மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. தண்ணித் தோணியை நான்தான் கூட்டிப்போனேன். தொட்டி மூடியைச் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை, பார்க்கவில்லை. வழி நெடுக அலை தெறித்தது. கப்பலின் சீஃப் இஞ்சினியர், வங்காளி, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சின்னப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார். மோர் கலந்த மாதிரி வெளுத்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. குழாயை என் முகத்துக்கு நேரே பிடித்தார், அவ்வளவுதான்.

தோணியை ஓட்டிவந்த தலைவரான தண்டல் ஒரு கை அள்ளி நீட்டினார். “நாக்குல வச்சுப் பாரும், கணக்கப்பிள்ள.”

பார்த்தேன். கரித்தது.

அந்தக் கப்பலின் வயிற்றில் அன்றைக்குள் ஆயிரக்கணக்கான மூட்டை உப்பு இறங்கியிருந்தது. அதே கப்பல் ஒரு சிட்டிகை உப்புக்காக முழுத்தோணித் தண்ணீரையும் வேண்டாம் என்றது. சிரிப்பு வந்தது, சிரிக்கிற நிலையில் நான் இல்லை. தண்ணீரைக் கடலிலேயே ஊற்றினோம். குடத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில் பிறந்தவனுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. தண்ணீர்க் காசை ஆபீசில் என் சம்பளத்தில் பிடித்தார்கள். மூடி கட்டக் கயிறு கேட்டு முந்தின மாதமே எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தப்பு என் பேரில் பாதிதான் என்பது இன்றைக்கும் என் கட்சி.

மறுநாள் விடியுமுன் இரண்டாவது தோணி. தண்டல் மூடிமேல் ஈரச்சாக்கை நாலாக மடித்துப் போட்டார். கயிறு அன்றைக்கும் வந்திருக்கவில்லை.

“அண்ணாச்சி, இது போதுமா?” என்றேன்.

“போதாது” என்று சொல்லிவிட்டு, சுக்கானைத் தன் மகனிடம் கொடுத்து, சாக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த பழைய சோற்றையும் அங்கே உட்கார்ந்தேதான் சாப்பிட்டார்.