காலி உறையில்தான் காசு இருக்கிறது

ஓசூரில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் டூல் செய்து பிழைப்பவனுக்குத் துப்பாக்கித் தோட்டாவோடு என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டெக்சாஸில் குடியிருக்கும் என் பெரியப்பா மகன், தம்மிடமுள்ள .45 கோல்ட் (Colt) ரிவால்வருக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காமல், வீட்டுக் கொட்டகையில் தாமே நிரப்பிக்கொள்கிறார். தகர டப்பாவையும் எஃகுத் தட்டையும் குறிவைத்துச் சுட்டுப் பழகுவதற்கான மலிவான தோட்டாக்கள் அவை. அவர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தத் தோட்டா நிரப்பும் மேசையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. தோட்டாவின் உறை என்பது எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தகட்டைப் படிப்படியாக இழுத்து ஆழமாக்கிய கிண்ணம். எங்கள் தொழிலில் டீப் டிராயிங் கற்றுக்கொள்பவன் முதலில் கையாள்வதே இந்தப் பித்தளையைத்தான்.

அமெரிக்காவில் இது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. நம் நாட்டில் அப்படி அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுமாறு வனத்துறையும் போலீசாரும் அறிவிப்பதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இது செய்முறைக் குறிப்பு அன்று. கணக்கும் பொறிநுட்பமும் மட்டுமே.

ஒரு தோட்டாவில் உறை, அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முன்னே பாயும் ஈயக் குண்டு என நான்கு பொருள்கள் உண்டு. இவற்றில் உறை மட்டும் சுட்ட பிறகும் முழுதாகக் கையில் நிற்கிறது. கடையில் புதுத் தோட்டா வாங்குபவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பித்தளைக்கும் சேர்த்தே விலை கொடுத்துவிட்டு, காலி உறையைத் தரையில் போட்டுவிட்டு வருகிறார். மருந்தின் செலவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. மருந்தையும் குண்டையும் கிரெயின் என்னும் சிறு எடையில் அளப்பார்கள்; ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தோட்டாவுக்குப் பத்து கிரெயின் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு பவுண்டு மருந்து 700 தோட்டாவுக்கு வரும். அதே ஒரு பவுண்டு ஈயத்தில் 250 கிரெயின் குண்டு 28 மட்டுமே வார்க்க முடியும். சிக்கனம் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது உறையையும் ஈயத்தையும்தான்.

இந்தச் சிக்கனத்துக்கு ரிவால்வர் நன்றாக இடம் கொடுக்கிறது. தானாக இயங்கும் பிஸ்டலில் ஸ்லைடு எனும் மேல் பாகத்தைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்காவது தோட்டாவில் வலு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். சுட்ட உறையையும் அது எங்கோ புல்லில் எறிந்துவிடும். ரிவால்வரில் தோட்டாக்கள் அமரும் உருளையான சிலிண்டர் விரலின் விசையால் சுழல்வதால், தோட்டா எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, உறைகளும் நேராக உள்ளங்கைக்கு வந்துவிடுகின்றன. மேலும், .45 கோல்ட் தோட்டா 1873இல் பழைய கரிமருந்துக் காலத்தில் பிறந்தது; சுடும்போது அதனுள் எழும் அழுத்தத்துக்கு வரம்பு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 1955இல் வந்த .44 மேக்னம் தோட்டாவுக்கோ 36,000. குறைந்த அழுத்தத்தில் பித்தளை அதிகம் வருந்துவதில்லை என்பதால் ஓர் உறையைப் பல முறை பயன்படுத்தலாம்.

என் கண் நிலைத்த இடம், சுட்டதில் விரிந்துபோன உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை, அதாவது உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் கருவி. அதன் வாயில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆன வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பி இழுக்கும் டையில் நாங்கள் பார்க்கும் அதே பளபளப்பு, அதே கடினம். வெறும் எஃகு டையாக இருந்தால் ஒவ்வோர் உறைக்கும் எண்ணெய்ப் பசை தடவி, பிறகு துடைக்க வேண்டும். கார்பைடு அந்த வேலையை மிச்சமாக்குகிறது. அடுத்த டை, ஈயக் குண்டு சீவப்படாமல் இறங்குவதற்காக உறையின் வாயை மயிரிழை அளவு விரிக்கிறது. கடைசி டை குண்டை அமர்த்தி, வாயின் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடக்குகிறது. இந்த மடிப்புத் தளர்வாக இருந்தால், ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னே நகர்ந்து சிலிண்டரையே பூட்டிவிடும். விரிப்பதும் மடக்குவதுமாக வாய்ப்பகுதி இறுகிப்போவதால், உறை பெரும்பாலும் அங்கேதான் முதலில் வெடிப்பு விடும். அத்தகைய உறையை அண்ணன் யோசிக்காமல் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிடுகிறார்.

ஈயத்தை அவர் டயர் கடைகளில் கழித்துப் போடும் சக்கர எடைக்கட்டிகளிலிருந்து எடுக்கிறார். இப்போது அவற்றில் துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும்; சூட்டை இடையில் நிறுத்தினால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். தவறிக் கலந்துவிட்டால் அச்சு சரியாக நிரம்பாது. ஈயப் புகையும் தூசியும் உடம்புக்குக் கேடு என்பதால் அந்த வேலை எப்போதும் திறந்த வெளியில்தான். கை கழுவாமல் வந்தால் அண்ணி காபி தம்ளரைத் தொட விடமாட்டார், அது நியாயமே.

ஆனால் பணத்தை மிச்சப்படுத்தும் அதே குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பெரிய உறைக்குள் கொஞ்சம் மருந்து என்பதால், கைதவறி இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. மருந்தே விழாவிட்டால் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவில் நிறுத்திவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். அதனால் ஐம்பது உறைகளையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, குண்டு அமர்த்தும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கிறார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது.

ஒரு நாள் மாலை, குண்டு அமர்த்தி முடித்த ஒரு வரிசையை டார்ச் அடித்துப் பார்த்தோமா இல்லையா என்ற ஐயம் அவருக்கு வந்தது.

“எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா அண்ணா?” என்று கேட்டேன்.

“தெரியாதுடா தம்பி. ஒரு குண்டுக்கும் இன்னொரு குண்டுக்கும், ஓர் உறைக்கும் இன்னோர் உறைக்கும் உள்ள எடை வித்தியாசத்திலேயே மருந்தின் எடை மறைந்துவிடும்.”

சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் கருவியொன்றில் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் தட்டினார். குண்டும் மருந்தும் அதன் குடுவைக்குள் உதிர்ந்தன. சந்தேகத்துக்குரிய வரிசை முழுவதையும் அப்படியே பிரித்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து நிரப்பினார்.