‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது’ என்ற வரி போதாது

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றும் எனக்கு, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்த வளர்ப்புச் சோதனையின் அறிக்கையில் ‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுவதில் நெடுநாளாகவே உடன்பாடு இல்லை. அந்த ஒரு வரியை நம்பித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்கப்படலாம். ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை, அதில் பல இனங்கள் உண்டு. வளர்ந்தது காண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம் என்றால் பெரும்பாலும் அது வேலை செய்யும். காண்டிடா குரூசேய் என்றால் செய்யாது. அந்த இனத்துக்கு இம்மருந்தை எதிர்க்கும் தன்மை பிறவியிலேயே உண்டு. காண்டிடா கிளாப்ராட்டாவோ, உள்ளே நுழைந்த மருந்தை வெளியேற்றும் புரதங்களைக் கூடுதலாக உருவாக்கிக்கொண்டு, சிகிச்சையின் நடுவிலேயே மருந்தை எதிர்க்கும் ஒன்றாக மாறிவிடக்கூடியது.

மாற்று மருந்துகளும் ஏராளமாக இல்லை. பூஞ்சையின் செல்லும் நம்முடையதைப் போல உட்கரு உடையது என்பதால், அதை மட்டும் தாக்கி நம்மை விட்டுவைக்கும் இலக்குகள் குறைவு. ஃப்ளூகோனசோல் உள்ளிட்ட அசோல்கள் பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. ஆம்போடெரிசின் பி அதே எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. எக்கினோகாண்டின்கள் என்ற மருந்துகள் செல்சுவரைக் கட்டும் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் குறிவைக்கின்றன. அவற்றுக்கும் குளுக்கனை உருவாக்கும் நொதிக்கான எஃப்கேஎஸ் மரபணுக்களில் நேரும் சிறு மாற்றங்கள் தடையாகிவிடுகின்றன.

இனப்பெயரின் அருமையை எங்களுக்கு உணர்த்தியது காண்டிடா ஆரிஸ்தான். 2009ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுத்து விவரிக்கப்பட்டதால் அதற்கு இப்பெயர். லத்தீனில் ‘ஆரிஸ்’ என்றால் காது. பழைய உயிர்வேதிச் சோதனைகள் இதைக் காண்டிடா ஹெமுலோனியை என்று தவறாகப் பெயரிட்டுவந்தன. புரத அமைப்பைக் கொண்டு இனங்காணும் மால்டி-டாஃப் கருவியும், அதன் தரவுத்தளத்தில் ஆரிஸ் சேர்க்கப்பட்டிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஃப்ளூகோனசோலைப் பெரும்பாலும் எதிர்க்கும் இந்த ஈஸ்ட், தோலிலும் கட்டில் கம்பியிலும் பல நாட்கள் உயிரோடிருந்து அடுத்த நோயாளிக்குத் தாவுகிறது. வழக்கமாகத் தரை துடைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் கரைசல்கள் பல இதனிடம் தோற்றுவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலில் இது மிக உயர்ந்த பிரிவில் இடம்பெற்றதில் எனக்கு வியப்பில்லை.

இனம் தெரியவும் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சொல்லும் மருந்துணர்திறன் முடிவு வரவும் சில நாட்கள் ஆகலாம். நோயாளியோ காத்திருக்க முடியாதவர். ஆகவே நுண்ணோக்கியில் ஈஸ்டுக்கே உரிய அரும்புவிடும் செல்கள் தெரிந்த கணமே வார்டைத் தொலைபேசியில் அழைக்கிறேன். எக்கினோகாண்டினில் தொடங்கலாமா, சிரையில் செருகியுள்ள கதீட்டர் குழாயை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறேன். இனப்பெயர் வந்ததும் மறுபடி அழைக்கிறேன். ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படும் ஈஸ்ட் என்று உறுதியானால், நோயாளி தேறிவரும்போது அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்றாவது முறையும்.